சர்வீஸ் நிறுவனத்திலிருந்து புராடக்ட் நிறுவனத்துக்கு: நேர்காணல் முதல் புது வேலையின் ஆறாம் மாதம் வரை

எதிரே உட்கார்ந்திருந்த இளைஞர் பத்து நிமிடமாக வாய் திறக்கவில்லை. தாளில் ஏதோ எழுதுவார், அடிப்பார், மறுபடி எழுதுவார். ஏசி அறையிலும் நெற்றியில் வேர்வை. “என்ன யோசிக்கிறீர்கள்? தமிழிலேயே சொல்லுங்கள்” என்றேன். மடை திறந்ததுபோல் கொட்டினார். நான் கொடுத்த நிரல் (கோட்) கணக்குக்கு விடை, அது எங்கே இடிக்கும், இடிக்காமல் இருக்க இரண்டு வழிகள், அத்தனையும் சரியாக இருந்தன. ஆங்கில வாக்கியத்தைச் சேர்த்துக்கொண்டிருந்ததில்தான் அவருடைய பத்து நிமிடமும் போயிருந்தது.

நானும் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன். சென்னை ஓஎம்ஆர் சாலையில் ஒரு சர்வீஸ் நிறுவனத்தில் நான்கு ஆண்டுகள் இருந்துவிட்டு, மூன்று முறை தோற்று, நான்காவது முறை புராடக்ட் நிறுவனத்துக்குள் போனேன். இப்போது மேசையின் மறுபக்கம் உட்கார்ந்து நேர்காணல் எடுக்கிறேன். விடை தெரிந்தும் வெளியே போனவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். அவர்களுடைய யோசனை தலைக்குள்ளேயே நின்றுவிட்டது. வேலையில் சேர்ந்தபின் திணறுபவர்களுக்கும் இதே குறைதான். சந்தேகத்தைக் கேட்க மாட்டார்கள், தாமதத்தைச் சொல்ல மாட்டார்கள். இந்த வழிகாட்டியின் ஒவ்வொரு படியையும் அதை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

இரண்டிலிருந்து ஐந்தாண்டு அனுபவம் உள்ளவர்களுக்காக எழுதுகிறேன். சர்வீஸ் நிறுவனம் வாடிக்கையாளருக்காக உழைக்கும். நீங்கள் வேலை செய்யும் மணி நேரம்தான் அதன் வருமானம். புராடக்ட் நிறுவனம் தன் சொந்த மென்பொருளை விற்றுப் பிழைக்கும். 1996இல் தொடங்கிய ஸோஹோவும், 2010இல் சென்னையில் தொடங்கி 2021இல் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குப் போன ஃப்ரெஷ்வொர்க்ஸும் நம் ஊரிலேயே இருக்கும் எடுத்துக்காட்டுகள். இப்படிப்பட்ட நிறுவனத்தில் நீங்கள் எழுதும் நிரல் பல ஆண்டுகள் அவர்களுடனேயே இருக்கும். அதனால் எந்த மொழி தெரியும் என்பதைவிட எப்படி யோசிக்கிறீர்கள் என்பதைத் துருவிப் பார்க்கிறார்கள்.

படி 1: செய்த வேலையை எழுதிப் பாருங்கள்

பலரும் முதல் நாளே பயிற்சிக் கணக்குகளில் இறங்கிவிடுகிறார்கள். அதற்கு முன் ஒரு வாரம் ஒதுக்கி, இதுவரை செய்த வேலைகளில் மூன்றை மட்டும் எடுத்து எழுதுங்கள். என்ன பிரச்சினை இருந்தது, உங்கள் கை எங்கே பட்டது, என்ன மாறியது, இன்று செய்தால் எதை வேறு மாதிரி செய்வீர்கள் என்று எழுதினால் போதும்.

“ரிப்போர்ட்டின் வேகத்தை மேம்படுத்தினேன்” என்று ஒருவர் எழுதியிருந்தார். எந்த ரிப்போர்ட் என்று கேட்டேன். அவர் சொன்னது இது. இரவில் ஓடும் ஒரு கணக்கறிக்கைக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. அறுபதாயிரம் வாடிக்கையாளர்களுக்கும் தனித்தனியாக டேட்டாபேஸில் போய்க் கேட்டுக்கொண்டிருந்தது நிரல். இரண்டு அட்டவணைகளை இணைத்து ஒரே கேள்வியாக மாற்றினார். மூன்று நிமிடத்தில் முடிந்தது. இவ்வளவு அருமையான வேலையைச் செய்துவிட்டு, மூன்று சொல்லில் புதைத்து வைத்திருந்தார்!

நம்மிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. “நாங்கள் செய்தோம்”, “எங்கள் டீமில் செய்யப்பட்டது” என்று அடக்கமாகச் சொல்வோம். வீட்டில் அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள், அது நல்ல குணமும்கூட. ஆனால் கேட்பவருக்கு உங்கள் பங்கு எது என்று தெரியாமல் போகிறது. “திட்டம் ஐந்து பேருடையது, அதில் இந்தப் பகுதியை நான் எழுதினேன்” என்று சொன்னால் தற்பெருமையும் ஆகாது, உண்மையும் மறையாது.

ரெஸ்யூம் ஒரு பக்கம் போதும். தந்தை பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், “மேற்கண்டவை யாவும் உண்மை” என்ற உறுதிமொழி இவையெல்லாம் கல்லூரி மாதிரிப் படிவத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்தவை, எடுத்துவிடுங்கள். மூன்று துணைக்கேள்வி கேட்டால் தாக்குப்பிடிக்க முடியாத தொழில்நுட்பம் எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள். இணையத்தில் விண்ணப்பிப்பதோடு நிறுத்தாமல், அந்த நிறுவனத்தில் இருக்கும் கல்லூரி நண்பர், பழைய சகா யாரையாவது பரிந்துரைக்கச் சொல்லிக் கேளுங்கள். கூச்சப்படத் தேவையில்லை. பல நிறுவனங்களில் பரிந்துரைத்தவருக்கு ஊக்கத்தொகையே உண்டு.

பொய் அனுபவச் சான்று வாங்கித் தருவதாகச் சொல்பவர்களை நெருங்கவே நெருங்காதீர்கள். உங்கள் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) கணக்குக்கான, வேலை மாறினாலும் மாறாத யுஏஎன் எண்ணைக் கொண்டு எந்த நிறுவனத்தில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருந்தீர்கள் என்று சரிபார்த்துவிடலாம். சேர்ந்து ஆறு மாதம் கழித்துக்கூட இதற்காக வேலை போகும். அதேபோல் பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், மடிக்கணினிக்கு முன்பணம் என்று எந்தப் பெயரில் காசு கேட்டாலும் அது மோசடிதான்.

படி 2: கணக்குப் பயிற்சி, வாய்விட்டு

வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்குப் பத்துப் பன்னிரண்டு வாரம் வேண்டும். தினம் ஒரு மணி நேரம், ஞாயிறு மூன்று மணி நேரம். நிரல் எழுதுவதன் அடிப்படைகளான அரே, சரம், ஹாஷ் மேப், ஸ்டேக், க்யூ, மரம், கிராஃப், பைனரி தேடல், ரிகர்ஷன் ஆகியவற்றை முதலில் முடியுங்கள். சிறு கணக்குகளின் விடையைச் சேமித்துப் பெரிய கணக்கைத் தீர்க்கும் டைனமிக் புரோகிராமிங்கைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். ஐந்நூறு கணக்குகளை மேலோட்டமாகப் பார்ப்பதைவிட நூறு கணக்குகளை இரண்டு முறை போட்டவர்கள் தெளிவாகப் பேசுவதைக் கண்டிருக்கிறேன்.

எப்படிப் பேசுவது என்பதற்கு ஒரு பழைய கணக்கையே எடுத்துக்கொள்வோம். 4, 11, 7, 2, 9 என்று ஐந்து எண்கள். கூட்டினால் 16 வரும் இரண்டு எண்களைக் கண்டுபிடிக்க வேண்டும்.

எடுத்த எடுப்பில் நிரல் எழுதக்கூடாது. முதலில் கேளுங்கள்: எண்கள் வரிசைப்படுத்தப்பட்டவையா? ஒரே எண் இருமுறை வருமா? விடையே இல்லையென்றால் என்ன தர வேண்டும்? இதைக் கேட்டால் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயப்படுகிறார்கள். நான் இந்தக் கேள்விகளுக்காகத்தான் காத்திருப்பேன்.

பிறகு எளிய வழியைச் சொல்லுங்கள். ஒவ்வொரு எண்ணையும் மற்ற எல்லா எண்களோடும் கூட்டிப் பார்ப்பது. ஐந்து எண்களுக்குச் சரி. ஒரு லட்சம் எண்கள் இருந்தால் ஏறக்குறைய 500 கோடி ஜோடிகள் வரும். அதையும் நீங்களே சொல்லிவிட்டு, அடுத்த வழிக்குப் போங்கள். ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்வதுபோல் ஹாஷ் மேப் ஒன்றை வைத்துக்கொள்கிறோம். 4 வந்தால் துணைக்கு 12 வேண்டும், குறிப்பேட்டில் இல்லை, 4ஐக் குறித்துக்கொள். 11க்கு 5 வேண்டும், இல்லை, குறித்துக்கொள். 7க்கு 9, இல்லை. 2க்கு 14, இல்லை. 9க்கு 7 வேண்டும், இருக்கிறது! ஒரே நடையில் முடிந்தது. ஒரு லட்சம் எண்களுக்கு ஒரு லட்சம் படிகள்தான். பதிலாக நாம் கொடுக்கும் விலை, குறிப்பேட்டுக்கான நினைவகம்.

இங்கே நான் ஒரு பொறி வைப்பேன். “கூட்டுத்தொகை 8 என்றால்?” பட்டியலில் 4 ஒரே ஒரு முறைதான் இருக்கிறது. எல்லா எண்களையும் முதலிலேயே குறிப்பேட்டில் எழுதிவிட்டுத் தேடுபவரின் நிரல், 4க்குத் துணையாக அதே 4ஐக் கண்டுபிடித்துவிடும். முதலில் தேடு, அப்புறம் குறித்துக்கொள் என்ற வரிசையில் எழுதியவருக்கு இந்தப் பிழை வராது. வரிசையை ஏன் அப்படி வைத்தேன் என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டால், அவருடைய மதிப்பீட்டுத் தாளில் என் பேனா தானாக நகரும்.

வீட்டில் பயிற்சி செய்யும்போது முதல் மூன்று வாரம் தமிழிலேயே உரக்கச் சொல்லிப் பாருங்கள். மொட்டை மாடியானாலும் சரி, விடுதி அறையானாலும் சரி. யோசனை கோவையாக வந்தபின் அதையே எளிய ஆங்கிலத்தில் சொல்லுங்கள். “முதலில் இதைச் செய்கிறேன், ஏனென்றால் இது” என்ற அளவுக்கு ஆங்கிலம் போதும். இலக்கணப் பிழைக்காக ஒருவரை நான் நிராகரித்ததில்லை. கைப்பேசியில் பதிவு செய்து கேட்டால் எங்கே மௌனமாகிறீர்கள் என்று தெரிந்துவிடும்.

வரிசைப்படுத்திய பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் பைனரி தேடலைப் பற்றியும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். நடு இடத்தைக் காண தொடக்கத்தையும் முடிவையும் கூட்டி இரண்டால் வகுப்போம் அல்லவா? ஜாவா மொழியோடு வரும் ஆயத்த நிரல் தொகுப்புக்காக (லைப்ரரி) அதை எழுதிய ஜோஷுவா பிளாக், அந்த ஒரு வரியில் பிழை இருந்ததாக 2006இல் வெளிப்படையாக எழுதினார். கூட்டுத்தொகை 2,14,74,83,647ஐத் தாண்டினால் 32 பிட் எண் எதிர்மறையாகத் திரும்பிவிடும். சுமார் ஒன்பது ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்த பிழை. வித்தியாசத்தைப் பாதியாக்கித் தொடக்கத்தோடு கூட்டினால் சரியாகிவிடும். அவ்வளவு பெரிய பொறியாளருக்கே நேர்ந்த தவறு உங்களுக்கும் நேரலாம். அதைக் கண்டுபிடித்ததும் முகம் சுருங்காமல் “இங்கே தவறு செய்திருக்கிறேன்” என்று திருத்துபவரோடு வேலை செய்ய எல்லோருக்கும் பிடிக்கும்.

படி 3: சிஸ்டம் டிசைன் – தட்கல் டிக்கெட்டை வைத்துப் பழகுங்கள்

மூன்றாண்டுக்கு மேல் அனுபவம் இருந்தால் இந்தச் சுற்று கட்டாயம் இருக்கும். ஒரு மென்பொருளை முழுமையாக வடிவமைக்கச் சொல்வார்கள். வெளிநாட்டு வீடியோ தளங்களை மனப்பாடம் செய்வதைவிட, நம் எல்லோர் வயிற்றையும் கலக்கிய தட்கல் முன்பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஏசி வகுப்புக்குக் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. அந்த ஒரு நொடியில் நாடு முழுவதும் கை வைக்கிறது.

முதலில் அளவுகளைக் கேளுங்கள். எத்தனை பேர் வருவார்கள், எத்தனை இருக்கைகள், தேடுபவர் எத்தனை மடங்கு, வாங்குபவர் எத்தனை மடங்கு? தேடுதலுக்குச் சற்றுப் பழைய தகவலை கேஷிலிருந்து (விரைவாக எடுக்க வைத்திருக்கும் தற்காலிகப் பிரதி) தந்தாலும் குடி முழுகாது. கடைசி இருக்கை யாருக்கு என்பதை மட்டும் கேஷை நம்பித் தீர்மானிக்கக்கூடாது.

அடுத்தது இந்தக் கேள்வியின் இதயம். திருநெல்வேலியில் ஒருவர், சென்னையில் ஒருவர். ஒரே படுக்கை, ஒரே நொடி. “காலியா?” என்று இருவருடைய நிரலும் கேட்கிறது. “காலி” என்று இருவருக்கும் பதில் வருகிறது. இருவரும் பதிவு செய்துவிட்டார்கள். பார்ப்பதும் எழுதுவதும் இரண்டு தனிச் செயல்களாக இருப்பதுதான் கோளாறு. “இன்னும் காலியாக இருந்தால் மட்டும் இவர் பெயரை எழுது” என்று ஒரே கட்டளையாக டேட்டாபேஸிடம் சொல்லிவிட்டால் ஒருவர் மட்டுமே வெல்வார். மற்றவருக்கு உடனே “முடிந்துவிட்டது” என்று சொல்லிவிடலாம்.

பணம் அடுத்த சிக்கல். வங்கியில் பணம் கழிந்துவிட்டது, டிக்கெட் வரவில்லை. இந்த அனுபவம் நமக்குப் புதிதல்ல. பணம் செலுத்தும் வரை இருக்கையைச் சில நிமிடங்கள் பிடித்து வைப்பது, ஒவ்வொரு முயற்சிக்கும் தனி அடையாள எண் கொடுத்து ஒரே பணம் இருமுறை கழியாமல் பார்ப்பது, பதில் வராமல் போனவற்றை வங்கிக் கணக்கோடு பின்னர் ஒப்பிட்டுத் திருப்பித் தருவது ஆகிய மூன்றையும் காரணத்தோடு சொல்லுங்கள். பெட்டி பெட்டியாக வரைந்து, கேள்விப்பட்ட மென்பொருள் பெயர்களையெல்லாம் அடுக்குபவர்கள் உண்டு. “இது எதற்கு?” என்ற முதல் கேள்வியிலேயே அந்தப் படம் சரிந்துவிடும்.

படி 4: பழகும் விதம் குறித்த சுற்று

இதை ஹெச்ஆர் சம்பிரதாயம் என்று அலட்சியம் செய்யாதீர்கள். அமேசான் தன் 16 தலைமைத்துவக் கொள்கைகளை வெளிப்படையாகவே வைத்து, அவற்றைச் சுற்றித்தான் கேள்வி கேட்கிறது. சக ஊழியரோடு கருத்து வேறுபட்டது எப்போது, தோற்றது எப்போது என்று கேட்பார்கள். படி 1இல் எழுதிய மூன்று கதைகள் இங்கே கைகொடுக்கும். சூழல் இரண்டு வாக்கியம், செய்தது ஐந்து வாக்கியம், விளைவு ஒரு வாக்கியம். பழைய மேனேஜரைத் திட்டாதீர்கள், அவர் திட்டத் தகுந்தவராகவே இருந்தாலும்.

படி 5: அந்த நாள்

இணையவழி என்றால் மின்வெட்டுக்கும் இணையத் துண்டிப்புக்கும் கைப்பேசியில் மாற்று ஏற்பாடு வைத்திருங்கள். தலையணி, வெள்ளைத் தாள், பேனா, தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். இன்னொரு திரையில் விடை பார்க்கவோ ஏஐ கருவியைக் கேட்கவோ வேண்டாம். கண் போகும் திசை எதிரே இருப்பவருக்கு நன்றாகவே தெரிகிறது. விடை வந்தபின் அதன் காரணத்தைச் சொல்ல முடியாமல் நிற்பதைப் பார்க்கவும் சங்கடமாக இருக்கிறது.

சிக்கிக்கொண்டால் “ஒரு நிமிடம் யோசிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு யோசியுங்கள். பிறகும் வரவில்லையா? எதுவரை வந்தீர்கள், எங்கே நிற்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். குறிப்புக் கொடுக்க எங்களுக்கு அனுமதி உண்டு. ஆனால் சிக்கல் எங்கே என்று தெரிந்தால்தான் கொடுக்க முடியும்.

முடிவில் நீங்கள் கேள்வி கேட்கும் முறை வரும். புது நிரல் எழுதியதிலிருந்து பயனரைச் சேர எத்தனை நாள் ஆகிறது, நள்ளிரவில் சர்வர் விழுந்தால் யார் எழுவது, போன ஆண்டு இந்த டீமிலிருந்து எத்தனை பேர் போனார்கள் என்று கேளுங்கள். பதிலோடு, அதைச் சொல்லும்போது அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்களா என்பதையும் கவனியுங்கள்.

படி 6: சம்பளக் கடிதத்தைப் பிரித்துப் படியுங்கள்

ஆண்டுக்கு 18 லட்சம் என்றால் மாதம் ஒன்றரை லட்சம் கைக்கு வரும் என்று எண்ணி, வீட்டுக் கடனுக்குக் கணக்குப் போட்டவர் என் நண்பர். அந்த 18 லட்சம் நிறுவனம் உங்களுக்காகச் செய்யும் மொத்தச் செலவு, அதாவது சிடிசி. பிரித்துப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 40 சதவீதம், அதாவது 7,20,000 என்று வைத்துக்கொள்வோம். அதில் 12 சதவீதம் நிறுவனத்தின் பிஎஃப் பங்கு: 86,400. கிராஜுவிட்டி (பணிக்கொடை) அதே அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம்: 34,632. செயல்திறனைப் பொறுத்துத் தரும் தொகை மொத்தத்தில் 10 சதவீதம் என்றால் 1,80,000. இவை மூன்றும் மாதச் சம்பளத்தில் வராது. எஞ்சிய 14,98,968இல் உங்கள் பிஎஃப் பங்கு 86,400 போக, மாதம் 1,17,714. இதற்குப் பிறகுதான் வருமான வரி. கிராஜுவிட்டியோ, நிரந்தர ஊழியருக்கு ஐந்தாண்டு தொடர்ந்து வேலை செய்தால்தான் பொதுவாகக் கிடைக்கும்.

பங்குகள் தருவதாகச் சொன்னால் எத்தனை ஆண்டில் கைக்கு வரும் என்று கேளுங்கள். நான்கு ஆண்டுகளில் பிரித்துத் தருவதும், முதல் ஆண்டு முடியும் முன் போனால் ஒன்றும் கிடையாது என்பதும் பரவலான வழக்கம். சேரும்போது தரும் போனஸை ஓராண்டுக்குள் விலகினால் திருப்பிக் கேட்பார்கள். பேரம் பேசுவதில் அவமரியாதை எதுவும் இல்லை. “இந்தப் பொறுப்புக்கு இவ்வளவு எதிர்பார்க்கிறேன், காரணம் இது” என்று ஒருமுறை பணிவாகச் சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள்.

கையெழுத்தான கடிதம் கைக்கு வராமல் ராஜினாமா செய்யாதீர்கள். 60 அல்லது 90 நாள் நோட்டீஸ் காலத்தில் பொறுப்புகளை ஒழுங்காக ஒப்படையுங்கள். மடிக்கணினியைத் திருப்பித் தரும் முன் சம்பளச் சீட்டுகள், வரிப் பிடித்தச் சான்று (படிவம் 16) ஆகியவற்றைச் சொந்த மின்னஞ்சலில் சேமித்துக்கொள்ளுங்கள். ரிலீவிங் லெட்டரை வாங்காமல் விடாதீர்கள். பிஎஃப் பணத்தை எடுத்துச் செலவழிக்காமல் புதுக் கணக்குக்கு மாற்றுங்கள். ஐந்தாண்டுத் தொடர் சேவைக்கு முன் எடுத்தால் பொதுவாக வரியும் விழும்.

படி 7: முதல் ஆறு மாதம்

முதல் வாரத்தில் மலைப்பாக இருக்கும். பத்து லட்சம் வரி நிரலை யாரும் படித்து முடிப்பதில்லை. பயனர் ஒரு பொத்தானை அழுத்துவதில் தொடங்கி, அது டேட்டாபேஸைத் தொட்டுத் திரும்பும் வரை ஒரே ஒரு பாதையைப் பின்தொடருங்கள். நோட்டில் வரைந்துகொள்ளுங்கள். சேர்ந்தவுடன் கணினியை அமைக்கும்போது வழிகாட்டி ஆவணத்தில் ஏதாவது பழையதாக இருக்கும். அதைத் திருத்துவதே உங்கள் முதல் பங்களிப்பாக இருக்கட்டும்.

அரை மணி நேரம் முட்டிப் பார்த்தும் நகரவில்லையென்றால் கேட்டுவிடுங்கள். “வேலை செய்யவில்லை” என்று கேட்காமல், “இதைச் செய்தேன், இது வரும் என்று எதிர்பார்த்தேன், இந்தப் பிழை வந்தது, இந்த இரண்டையும் முயன்றுவிட்டேன்” என்று எழுதுங்கள். எழுதும்போதே பாதி நேரம் விடை கிடைத்துவிடும். தனி அரட்டையில் கேட்காமல் டீம் முழுவதும் பார்க்கும் இடத்தில் கேட்டால் அடுத்து வருபவருக்கும் உதவும்.

நாம் எழுதிய நிரலைச் சக பொறியாளர் படித்துக் குறிப்பு எழுதும் கோட் ரிவியூவில் முதல் முறை இருபத்தேழு குறிப்புகள் வந்தபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒவ்வொன்றையும் என் மீதான குற்றச்சாட்டாகப் படித்துக்கொண்டிருந்தேன். அந்த மூத்த பொறியாளர் தன் மதியத்தில் ஒன்றரை மணி நேரத்தை எனக்காகச் செலவிட்டிருந்தார் என்பது பின்னால்தான் உறைத்தது. ஏற்காத குறிப்புக்குக் காரணத்தோடு பதில் எழுதலாம். அதையும் அவர்கள் விரும்புகிறார்கள்.

நமக்கு விடக் கடினமான பழக்கம் ஒன்று உண்டு. எதைக் கேட்டாலும் “சரி சார், முடித்துவிடலாம்” என்று தலையாட்டுவது. வெள்ளிக்கிழமை தர வேண்டியது முடியாது என்று செவ்வாய்க்கிழமையே தெரிந்திருக்கும். வியாழன் மாலை வரை சொல்ல மனம் வராது. செவ்வாயன்றே சொன்னால் வேலையைப் பிரிக்கலாம், தேதியை மாற்றலாம். வியாழனன்று சொன்னால் வருத்தப்பட மட்டுமே முடியும்.

தவறு நடந்தாலும் இதே கதைதான். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர், வேறொரு சர்வர் என்று நினைத்து, பயனர்களுக்காக ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸின் கோப்புகளை அழித்துவிட்டார். காப்புப் பிரதிகளைத் தேடினால் ஒன்றும் ஒழுங்காக இல்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த பிரதி ஒன்றைக் கொண்டு மீட்டார்கள். இடைப்பட்ட தகவல்கள் போய்விட்டன. அந்த நிறுவனம் மீட்புப் பணியை நேரலையாகவே காட்டியது, என்ன நடந்தது என்று விரிவான அறிக்கையும் வெளியிட்டது. காப்புப் பிரதி வேலை செய்யாததை ஏன் யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் அதில் பெரிய கேள்வி. உங்கள் கையால் ஏதாவது உடைந்தால் முதல் நிமிடத்திலேயே டீமிடம் சொல்லுங்கள். தானே சரிசெய்துவிடலாம் என்று ஒளித்து வைக்கும் இருபது நிமிடத்தில்தான் சிறிய சேதம் பெரிதாகிறது.

படி 8: நீங்கள் நேர்காணல் எடுக்கும் நாள்

ஓராண்டு கழிந்ததும் பெரும்பாலும் உங்களையே நேர்காணல் எடுக்கச் சொல்வார்கள். முதல் சில முறை அனுபவசாலியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பைக் கேட்டு வாங்குங்கள். கேட்கப்போகும் கணக்கை முந்தின இரவு நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள். உங்களுக்கு இருபது நிமிடம் பிடித்தால் வருபவருக்கு நாற்பது கொடுக்க வேண்டும். முதல் ஐந்து நிமிடம் எளிய பேச்சு. அவர் மௌனமானால் எந்த மொழியில் வேண்டுமானாலும் யோசனையைச் சொல்லலாம் என்று சொல்லுங்கள். அவர் போனதும், மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று விசாரிக்கும் முன், நீங்கள் கண்ணால் பார்த்ததை அன்று மாலையே எழுதி அனுப்பிவிடுங்கள்.